முக்கால் கிலோ எங்கே போனது? ஸ்கிரிப்டுக்குள் புகுந்துவிடும் லோக்கேல்

நாகர்கோவில் வடசேரியில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணாச்சி நேந்திரங்காய் சிப்ஸ் மொத்த வியாபாரம் செய்கிறார். சரக்கு மாவட்டம் முழுக்கப் போகும். எந்தக் கடைக்கு எத்தனை கிலோ போனது என்பதை நாள் முடிவில் சேர்த்து, கட்டங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் சி.எஸ்.வி. கோப்பாக்கித் தருகிற சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை, பாஷ் என்ற கட்டளை மொழியில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கடைக் கணினி ஒரு நாள் படுத்துவிட்டது. ஜெர்மனியில் நர்சாக இருக்கும் அவருடைய மகள் லீவில் வந்தபோது தன் பழைய லேப்டாப்பைக் கடைக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். ஸ்கிரிப்டை அதில் ஏற்றிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலமே போன்.

"தம்பி, குளச்சலுக்கு 12.75 கிலோ போட்டேன். உங்க கணக்குல 12தான் கெடக்கு. முக்கால் கிலோவ யாரு தின்னா?"

ஸ்கிரிப்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது அது ஓடிய இடம். லேப்டாப்பில் மெனுவெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் அந்தப் பெண் அங்கே இருந்தபோது எண், தேதி வடிவங்களை மட்டும் ஜெர்மன் முறைக்கு வைத்திருந்தாள். ஜெர்மனியில் பன்னிரண்டே முக்காலை 12,75 என்று எழுதுவார்கள். அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. பாஷில் இருக்கும் பிரிண்ட்எஃப் கட்டளை எண்ணைப் படிக்கும்போது கணினியின் எண் வழக்கைத்தான் பார்க்கும். அதன் கண்ணுக்கு 12.75 என்பது 12 என்ற எண்ணும் அதன் பின்னால் ஒட்டிய குப்பையும். "இது செல்லாத எண்" என்று ஒரு பிழைச் செய்தியைப் போட்டுவிட்டு, படித்த அளவை வைத்து 12,00 என்று அச்சடித்துவிட்டது. அந்தக் காற்புள்ளியை சி.எஸ்.வி. இன்னொரு கட்டம் என்று எடுத்துக்கொள்ள, 12 ஒரு கட்டத்திலும் 00 அடுத்த கட்டத்திலும் போய் விழுந்தன. பிழைச் செய்தியை யாருமே பார்க்கவில்லை. அதைக் குப்பைக்கு அனுப்பும்படி எழுதிய புத்திசாலி நான்தான்.

இப்படி ஓடும் இடத்தைப் பார்த்து மாறுகிற வழக்கங்களின் தொகுப்புக்குத்தான் லோக்கேல் என்று பெயர். 1989இல் தரப்படுத்தப்பட்ட சி மொழியில் இருந்தே இருக்கிறது. எழுத்து வகை, அகரவரிசை, எண், பணம், தேதி என்று அதற்குள் பல பிரிவுகள். யுனிக்ஸ் வழி வந்த கணினிகளில் கணினி சொல்லும் செய்திகளின் மொழியும் ஒரு பிரிவு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். மெனு ஆங்கிலத்திலும் எண் ஜெர்மனிலும் இருந்தது அதனால்தான்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. திருவிதாங்கூர் காலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம். அந்தப் பக்கம் பிரிட்டிஷ் ரூபாய்க்கு 16 அணா. இரண்டு பக்கமும் பெயர் ரூபாய்தான். தாளில் "ரூபாய் 3, சில்லறை 10" என்று மட்டும் எழுதியிருந்தால், கணவாய்க்கு எந்தப் பக்கம் எழுதியது என்று தெரியாமல் அதைப் படிக்க முடியாது. லோக்கேல் தொல்லைகள் எல்லாமே இந்த வகைதான். ஒரே எழுத்துக்கு இடத்துக்கு இடம் வேறு பொருள், எந்த இடம் என்பது அந்த எழுத்தோடு கூட வராது.

சரி, ஸ்கிரிப்டுக்கு இந்த வழக்கம் எங்கிருந்து வருகிறது? சூழல் மாறிகளிலிருந்து, அதாவது ஒரு நிரல் தொடங்கும்போது அதன் கையில் கொடுக்கப்படும் பெயர்-மதிப்புகளிலிருந்து. 'லாங்' என்ற மாறி பொதுவான இயல்பு. எண்ணுக்கு 'எல்சி நியூமெரிக்', வரிசைக்கு 'எல்சி கொலேட்', தேதிக்கு 'எல்சி டைம்' என்று பிரிவுக்கு ஒன்று. இவை லாங்கை மீறும். 'எல்சி ஆல்' எல்லாவற்றையும் மீறும். எதுவும் வைக்கப்படாவிட்டால் 'சி' என்ற பெயருள்ள வெறும் லோக்கேல். அதில் தசமத்துக்குப் புள்ளி, வரிசைக்குப் பைட்டுகளின் மதிப்பு, மொழி ஆங்கிலம்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரு நிரல் தொடங்கும்போது 'சி' லோக்கேலில்தான் இருக்கும் என்பது. 'செட்லோக்கேல்' என்ற சார்பை (ஃபங்ஷனை) வெறும் மேற்கோள் குறிகளோடு அழைத்து, "என்னைச் சுற்றி என்ன வழக்கமோ அதை எனக்கும் கொடு" என்று அதுவே கேட்டால்தான் சூழல் உள்ளே வரும். பாஷ் கேட்கிறது. வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளை கேட்கிறது. ஸ்கிரிப்ட் எழுதுகிற நாம் கேட்கவே இல்லை, ஆனாலும் நமக்கும் சேர்த்து வந்துவிடுகிறது.

போதாக்குறைக்கு, சூழல் ஆளுக்கு ஆள் மாறும். டெர்மினலில் கையால் ஓட்டினால் ஒரு லோக்கேல். அதே ஸ்கிரிப்டை, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் இரவு 9 மணிக்கு ஓட்டினால், பெரும்பாலும் வெறும் 'சி'. எஸ்.எஸ்.எச். வழியாகத் தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைந்தால், பல லினக்ஸ் வகைகளில் நம் மடிக்கணினியின் லாங்கும் எல்சி மாறிகளும் கூடவே பயணம் போகும். அந்த லோக்கேல் சர்வரில் நிறுவப்படாமல் இருந்தால் பெர்ல் என்ற ஸ்கிரிப்ட் மொழி உடனே "லோக்கேலை அமைக்க முடியவில்லை" என்று நாலைந்து வரி புலம்பிவிட்டு 'சி'க்குத் திரும்பிவிடும். சர்வரைத் தொட்டவர்களில் அந்தப் புலம்பலைப் பார்க்காதவர்கள் குறைவு. பெர்லைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மற்றவை சத்தமில்லாமல் செய்வதை அது சத்தம் போட்டுச் செய்கிறது. எனக்கு அந்தப் புலம்பல்தான் பிடித்திருக்கிறது.

அண்ணாச்சி கடைக்கு அவசர மருந்தாக ஸ்கிரிப்டின் தலையில் எல்சி ஆல் மாறியை 'சி' என்று வைத்தேன். முக்கால் கிலோ திரும்பி வந்தது. அதோடு இன்னொரு தொல்லையும் வந்தது. ஊர்ப் பெயர்களை ஒரே அகலத்தில் அடுக்க, பெயரில் எத்தனை எழுத்து என்று ஸ்கிரிப்ட் எண்ணும். குளச்சல் என்பதில் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து: கு, ள, ச், ச, ல். எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக்கும் யூ.டி.எஃப்-8 முறையிலான லோக்கேலில் பாஷைக் கேட்டால் 8 என்னும். உகரக் குறியையும் இரண்டு புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணுகிறது. 'சி' லோக்கேலில் கேட்டால் 24. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். எல்சி ஆல் என்பது எண்ணை மட்டும் அல்ல, எழுத்து என்றால் என்ன என்பதையும் சேர்த்து மாற்றிவிடுகிறது. பல்வலிக்கு மயக்க ஊசி போட்ட மாதிரி.

இதற்கு நடுவழி ஒன்று இருக்கிறது: 'சி டாட் யூ.டி.எஃப்-8'. புள்ளியும் வரிசையும் 'சி' போலவே, எழுத்துகள் மட்டும் யூ.டி.எஃப்-8. டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் பல வருடமாக இருந்தது, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில், 2022இல் வந்த 2.35 பதிப்பில் மூலத்திலேயே சேர்ந்துவிட்டது. இன்னொரு வழி, மாறியை ஒரே ஒரு கட்டளையின் முன்னால் மட்டும் ஒட்டுவது. சார்ட் கட்டளைக்கு முன்னால் 'எல்சி ஆல் சமம் சி' என்று எழுதினால் அது அந்தக் கட்டளை முடியும்வரைதான். அடுத்த வரிக்குப் பழைய சூழல் தானாகத் திரும்பிவிடும்.

லோக்கேலைக் கட்டுப்படுத்துவது என்றால் பெரிதும் இந்த எல்லையைப் பற்றிய கேள்விதான். எது லோக்கேல் என்பதைவிட, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் முக்கியம். ஸ்கிரிப்ட் மொழிகள் இதற்கு ஒவ்வொரு மாதிரி பதில் சொல்லியிருக்கின்றன.

பெர்லின் பதிலைத்தான் நான் உயர்வாக நினைக்கிறேன். 1997இல் வந்த 5.004 பதிப்பு முதல் அதில் 'யூஸ் லோக்கேல்' என்று ஓர் அறிவிப்பு உண்டு. அதை ஓர் அடைப்புக்குள் எழுதினால், அந்த அடைப்புக்குறி மூடும்வரைதான் செல்லும். அதற்குள் ஒப்பிடும் குறிகள், வரிசைப்படுத்தல், அச்சடிக்கும் எண்ணின் தசமக் குறி எல்லாம் சூழலைப் பார்க்கும். அடைப்புக்கு வெளியே பழைய கறார்ப் பெர்ல். இடையில் நிறுத்த 'நோ லோக்கேல்'. பின்னர் வந்த பதிப்புகளில் எந்தப் பிரிவுக்கு மட்டும் வேண்டும் என்றும் சொல்லலாம்: தேதி மட்டும், எண் மட்டும் என்று. இதில் எனக்குப் பிடித்தது, நிரலைப் படிக்கும்போதே எந்த வரி ஊருக்கேற்ப மாறும், எந்த வரி மாறாது என்று கண்ணுக்குத் தெரிவது. வீட்டில் பூஜையறை வாசலில் செருப்பைக் கழற்றுவது போல, எல்லை வெளிப்படையாக இருக்கிறது.

ஆனால் பெர்லும் முழுசாகத் தப்பவில்லை. எந்த லோக்கேல் என்பதைத் தேர்ந்தெடுக்கும் செட்லோக்கேல் நிரல் முழுமைக்கும் பொதுவானது. எங்கே பார்க்க வேண்டும் என்பதற்கு வரப்பு உண்டு, எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இல்லை. ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள், அதாவது பல இழைகள், ஓடினால் ஒன்று மாற்றியது மற்றொன்றின் காலை வாரும். 5.28இல்தான், கீழே உள்ள இயங்குதளம் இடம் கொடுத்தால், இழைக்கு ஒரு லோக்கேல் என்று ஆனது.

பி.எச்.பி. போன பாதை வேறு. முதலில் தாராளமாகத் திறந்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்தது. ஜெர்மன் லோக்கேலை வைத்தால் 3.5 என்ற எண் எழுத்துச் சரமாக மாறும்போது 3,5 ஆகும். அதைத் தரவுத்தளக் கட்டளைக்குள் ஒட்டினால் ஒரு மதிப்பு இரண்டாகும், அண்ணாச்சியின் சி.எஸ்.வி. போலவே. 2020இல் வந்த 8.0 இதை நிறுத்தியது: எண்ணைச் சரமாக்கினால் எந்த ஊரிலும் புள்ளிதான். 2022இல் வந்த 8.2இல் ஆங்கில எழுத்தைச் சிறியதாக, பெரியதாக மாற்றும் சார்புகளையும் லோக்கேலிலிருந்து விடுவித்தார்கள். அதற்கு முன்பே துருக்கிக்காரர்கள் நிறைய அனுபவித்துவிட்டார்கள். துருக்கிய மொழியில் பெரிய 'ஐ'க்குச் சிறிய வடிவம் தலையில் புள்ளியில்லாத இன்னொரு எழுத்து. அதனால் துருக்கிய லோக்கேலில் பி.எச்.பி.க்குத் தன் வகுப்புகளின் பெயரே அடையாளம் தெரியாமல் போன காலம் உண்டு. 5.5இல்தான் அது சரியானது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேச்சே இல்லாததால் நமக்கு இந்த வலி இல்லை.

பைத்தான் இயல்பிலேயே கஞ்சன். தொடங்கும்போது எழுத்து வகைப் பிரிவை மட்டும் சூழலிலிருந்து எடுத்துக்கொள்ளும். எண், வரிசை, தேதி எல்லாம் 'சி'யிலேயே இருக்கும், நாம் கேட்டால்தான் மாறும். கேட்காமல் எடுத்துக்கொண்ட அந்த ஒரு பிரிவே போதுமானதாக இருந்தது, தமிழ் அச்சடிக்கும் ஸ்கிரிப்டுகளைக் கெடுக்க. டெர்மினலில் அழகாக ஓடும், கிரானில் வெறும் 'சி' என்பதால் ஆங்கிலத்துக்கான ஆஸ்கி எழுத்து மட்டும் போதும் என்று முடிவு கட்டி, முதல் தமிழ் எழுத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும். 2018இல் வந்த 3.7 இதைத் தீர்த்தது: சூழல் 'சி' என்று இருந்தாலும் யூ.டி.எஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும். பைத்தானிலும் செட்லோக்கேல் நிரல் முழுமைக்கும் பொதுவானதுதான். அதனால் வெப் சர்வர் மாதிரி ஒரே நேரத்தில் பல ஊர்க்காரர்களுக்குப் பதில் சொல்லும் இடத்தில் அதைத் தொடக்கூடாது. அங்கே பேபல் போன்ற நூலகம் நல்லது. லோக்கேலைச் சூழலுக்கு விடாமல், ஒவ்வொரு அழைப்பிலும் நாமே கையில் கொடுக்கலாம். ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் என்ற பகுதியும் இதே வழி. 1234567 என்ற எண்ணை, இந்திய ஆங்கிலத்துக்கான 'இஎன்-ஐஎன்' என்று சொல்லிக் கேட்டால் 12,34,567 என்று நம் லட்சக் கணக்கில் தரும். பைத்தானில் வெறும் காற்புள்ளி வடிவம் கேட்டால் 1,234,567. அண்ணாச்சி அதைப் பார்த்து, "இது மில்லியன் காரனுக்க கணக்குல்லா" என்றார்.

இதுவரை சொன்னது புள்ளியும் காற்புள்ளியும். தமிழ் எழுதுகிறவர்களுக்கு உண்மையான வேலை அகரவரிசையில்தான் இருக்கிறது. அண்ணாச்சியின் பட்டியல் 'சி' வரிசையில் இப்படி வந்தது: கன்னியாகுமரி, கருங்கல், கல்குளம், குலசேகரம், குளச்சல், குழித்துறை, மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு. அவர் பழைய காலத்துத் தமிழ் படித்தவர். பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பென்சிலால் மூன்று இடத்தில் அம்பு போட்டார்.

அம்புகள் சரி. நெடுங்கணக்கில் மெய்கள் க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன என்று போகும். ன கடைசி. ஒருங்குறியில் ன, ந-வுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறது. ர-வை ஒட்டி ற, ல-வை ஒட்டி ள, அப்புறம் ழ, அதற்கும் பிறகு வ. காரணம், ஒருங்குறியின் இந்திய எழுத்துத் தொகுதிகள் இந்திய மொழிகளுக்கான 1988இன் இஸ்கி தரத்திலிருந்து எடுக்கப்பட்டவை. எல்லா மொழிக்கும் ஒரே அச்சில் அறைகள். தேவநாகரியில் எந்த அறையில் எந்த ஒலியோ, தமிழிலும் மலையாளத்திலும் அதே அறை. ன என்பதற்கு அங்கே கிடைத்தது ந-வின் பக்கத்து அறை. நம் வரிசையை யாரும் வேண்டுமென்று குலைக்கவில்லை. அறை எண்ணை அகரவரிசை என்று எடுத்துக்கொண்டது நம் நிரல்களின் தவறு.

புள்ளியும் அப்படியே. மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி இரண்டிலும் ம-வுக்கு அடுத்து ண. அதன் பிறகு ஒன்றில் புள்ளி, மற்றதில் வ. ஒருங்குறியில் புள்ளிக் குறி வ போன்ற எழுத்துகளுக்கும் உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் மணவாளக்குறிச்சி முந்துகிறது. தமிழ் அகராதியில் ண் முதலில், ண பிறகு. ஆகவே மண்டைக்காடுதான் முன்னால் வர வேண்டும்.

இதற்கு ஒருங்குறி அமைப்பே ஒரு பொது வரிசை விதியும், அதன் மேல் மொழிக்கு மொழி திருத்தமும் வைத்திருக்கிறது. பெர்லில் 'யூனிகோட் கொலேட் லோக்கேல்' என்ற தொகுதியிடம் தமிழுக்கான 'டிஏ' என்று சொல்லலாம். பைத்தானில் ஐசியு நூலகம், ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் கொலேட்டர். மூன்றிலும் லோக்கேலை நாமே கொடுக்கிறோம், சூழலை நம்பவில்லை. அப்படிச் செய்ததும் பட்டியல் மாறியது: கருங்கல், கல்குளம், கன்னியாகுமரி, குலசேகரம், குழித்துறை, குளச்சல், மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி. ககர ஊர்களில் முதலில் நின்ற கன்னியாகுமரி கடைசிக்குப் போனது. வரைபடத்தில் இருக்கும் இடமும் அதுதானே.

இங்கே ஓர் எச்சரிக்கை. மனிதருக்கான வரிசை நிலையானதல்ல, விதிகள் திருத்தப்படும். 2018இல் ஜிலிப்சி 2.28 தன் வரிசை விதிகளைப் புதுப்பித்தபோது, அதை நம்பித் தேடலுக்கான அட்டவணை (இன்டெக்ஸ்) கட்டியிருந்த போஸ்ட்கிரஸ் தரவுத்தளங்கள் பலவற்றில் தேடல் குழம்பியது. இயங்குதளத்தை மட்டும் மேம்படுத்தியவர்கள், தரவுத்தளத்தைத் தொடவே இல்லாதவர்கள், அட்டவணைகளை மறுபடி கட்ட வேண்டியிருந்தது. சேமிக்கவும் தேடவும் பைட் வரிசை, காட்ட மட்டும் தமிழ் வரிசை என்று பிரித்துக்கொண்டால் இந்த அடி படாது. இரண்டு கோப்புகளை ஒப்பிடும் காம், ஜாயின் போன்ற கட்டளைகளுக்கும் இதே கதி: இரண்டு கோப்பும் ஒரே லோக்கேலில் வரிசைப்படுத்தியவையாக இல்லாவிட்டால் "வரிசை சரியில்லை" என்று முறைக்கும்.

அண்ணாச்சியின் ஸ்கிரிப்டை இப்போது பைத்தானில் திருப்பி எழுதிவிட்டேன். உள்ளே எல்லாக் கணக்கும் புள்ளியோடு, சூழல் எதையும் கேட்காமல். கோப்புக்குத் தேதி வருடம், மாதம், நாள் என்ற வரிசையில். தாளில் அச்சடிக்கும் கடைசிச் சார்பு ஒன்றுக்கு மட்டும் தமிழ், லட்சக் காற்புள்ளி, நாள், மாதம், வருடம். லேப்டாப்பில் ஜெர்மன் வடிவம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மகள் அடுத்த லீவில் வந்தால் அவளுக்குப் பழகியது இருக்கட்டும் என்று அண்ணாச்சி மாற்ற விடவில்லை.

முடிந்தது என்று நினைத்த நேரத்தில் அவர் கேட்டார்: "தம்பி, வருஷக் கணக்க ஆவணி ஒண்ணுல தான் நாங்க பூட்டுவோம். அந்த வருஷம் மேல வருமா?" அவர் சொன்னது கொல்லம் ஆண்டு. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து 1956 நவம்பர் 1இல் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்த இந்த மாவட்டத்தில், பழைய ஆதாரப் பத்திரங்களை எடுத்தால் அந்த வருடம்தான் இருக்கும். 2024 ஆகஸ்டில் அதற்கு 1200 பிறந்தது. ஒருங்குறி அமைப்பின் வட்டாரத் தொகுப்பில் எபிரேய நாட்காட்டி உண்டு, எத்தியோப்பிய நாட்காட்டி உண்டு, நம் அரசின் சக நாட்காட்டிகூட உண்டு. கொல்லம் இல்லை. சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி மேசையில் போட்டார். பன்னிரண்டு மாதப் பிறப்புத் தேதிகளையும் பார்த்துப் பார்த்து அட்டவணையாகத் தட்டினேன். அடுத்த வருடக் காலண்டர் வந்ததும் மறுபடி வடசேரிக்குப் போக வேண்டும்.